கீழ என்றால் எந்தப் பக்கம்

“கீழன்னு சொன்னது நீதானம்மா, இந்தக் காதால கேட்டேன், ஒரு தடவயா ரெண்டு தடவயா…”

“கீழன்னுதான் சொன்னேன், இல்லேங்கல, கீழ போவச் சொன்னா நீங்க எதுக்குத் தண்ணிக்குள்ள…”

“…இன்னும் கீழ, இன்னும் கீழன்னு நீ கூவிக்கினே கீற, நான் இன்னா பண்ணுவேன், எறக்கினேன்…”

“எறக்கச் சொல்லி யாரு சொன்னா? மஞ்சுளாக்கா, நீங்க பக்கத்துலதான இருந்திய. நான் எறக்குன்னு ஒரு வார்த்த சொன்னேனா?”

கேட்ட செல்லக்கனியின் எதிரே இருந்த திரையில் படம் உறைந்து நின்றது. பழுப்புத் தண்ணீர், அதில் சாய்ந்து மிதக்கும் ஒரு பனைமட்டை. ட்ரோன் கடைசியாக அனுப்பிய காட்சி அதுதான். பக்கத்தில் மஞ்சுளாவின் திரையில் உயரம், காற்று, பேட்டரி என்று ஓடிக்கொண்டிருந்த எண்கள் எல்லாம் கோடுகளாகிவிட்டன.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு டீக்கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. இரண்டு மேசை, இரண்டு திரை, ஒரு இன்வெர்ட்டர். நவம்பர் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. எறக்கினேன் என்று சொன்ன சுபாஷின் குரல் மட்டும் ஒரகடத்துப் பக்கத்து ஏரிக்கரை ஒன்றிலிருந்து போன் வழியாக இங்கே வந்துகொண்டிருந்தது.

ட்ரோனில் பேக்டரிக் கூரைகளைப் படம் பிடிக்கும் அவர்கள் வேலை செய்யும் முறை அது. களத்தில் ஒருவர் ரிமோட்டைப் பிடித்துப் பறக்கவிடுவார். அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் படத்தையும் ஒருவர் எண்களையும் பார்ப்பார்கள். கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு ட்ரோன் போய்விட்டால் சுபாஷுக்குக் கண் என்பது அறையில் இருப்பவர்களின் வாய்ச்சொல்தான். அதிலும் இன்றைக்குச் சாரலுக்குப் பயந்து களத்து லேப்டாப்பை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மூடியைப் பாதி சாய்த்து ஜீப்பில் வைத்திருந்தான். ரிமோட்டும் காதில் மாட்டிய போனும் தவிர அவனிடம் வேறொன்றும் இல்லை.

தேடியது அவனுடைய அம்மாவை.

விடிந்ததும் செங்கமலம் மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று கழனிக்குப் போயிருந்தாள். ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் அவள் போன வழியை மூடிவிட்டது. போன் எடுக்கவில்லை. அப்பா கன்னியப்பன் வேறொரு கம்பெனியில் செக்யூரிட்டி. ஷிப்டு மாற்ற ஆள் வராமல் கேட்டிலேயே மாட்டிக்கொண்டார். தீயணைப்புத் துறையின் ரப்பர் படகோடு வந்த தாண்டவராயன், “அங்க எங்க பாத்தாலும் தண்ணி, நடுவுல முள்ளுப் பொதர். ஆள் எங்க இருக்காங்கன்னு தெரியாம படக உள்ள வுட முடியாது தம்பி. மேல இருந்து பாத்துச் சொல்லுங்க,” என்று கேட்டிருந்தார். பார்த்துச் சொல்லத்தான் ட்ரோன் கிளம்பியது. இப்போது அது தண்ணீருக்குள் இருந்தது.

“ஏம்மா,” என்றான் சுபாஷ், மூச்சை அடக்கிக்கொண்டு. “கீழன்னா கீழதான. தரையப் பாக்க.”

“தரையா? கீழன்னா கீழ்ப்பக்கம்.”

“அதத்தான் நானும் சொல்றேன், கீழ்ப்பக்கம்.”

“சூரியன் உதிக்கிற பக்கம்ணே. எங்க ஊர்ல எங்க வீடு கீழத்தெரு. கடலு எங்களுக்குக் கீழ இருக்கு. பஸ் ஸ்டாண்டு மேல இருக்கு.”

“பஸ் ஸ்டாண்டு மேலயா? மாடியிலயா கட்டிக்கீறாங்க?”

“மேல்பக்கம். மேக்க.”

சுபாஷுக்குப் பக்கத்திலிருந்து தாண்டவராயன் சொல்வது போனில் கேட்டது: “தம்பி, அந்தப் பொண்ணு தூத்துக்குடிப் பக்கமா? அந்தப் பக்கத்துக்காரங்க அப்டித்தான் சொல்லுவாங்க. கீழன்னா கிழக்க, மேலன்னா மேற்க. எங்க ஸ்டேஷன்ல நயினார்னு ஒருத்தர் இருந்தாரு. ஏணிய மேல போடுன்னுவாரு. நாங்க மொட்ட மாடிய பாத்துக்கினு நிப்போம்.”

செல்லக்கனி ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் இந்த அறைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அதற்கு முன் ஒரு போன் கம்பெனியின் உற்பத்தி லைனில் திரைகளைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அது மூடிய பிறகு, ரூம்மேட் ஒருத்தி சொல்லி இங்கே வந்தாள்.

“அப்ப நான்தான் அதத் தண்ணியில போட்டுட்டேன்,” என்றாள் மெதுவாக.

“நீ மட்டும் இல்ல,” என்றாள் மஞ்சுளா. “உயரம் கொறஞ்சிக்கினே வர்றத நானும் பாத்துக்கினேதான் இருந்தேன். நீ எதையோ கிட்டத்துல பாக்கறதுக்கு எறக்கச் சொல்றன்னு நெனச்சிட்டேன். படம் நம்மகிட்ட வர்றதே கொஞ்சம் லேட்டு. தண்ணி கிட்ட வருதுன்னு நம்ம பாக்கும்போது அது முங்கியே போச்சு.”

“இவ்ளோ நாளா ஒரு தடவ கூட அவ கீழன்னு சொன்னதில்லயேக்கா,” என்றான் சுபாஷ்.

“சொல்ல வேண்டிய வேல வரல்லியே,” என்றாள் செல்லக்கனி, ஹெட்செட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு. “பேக்டரி கூரைக்கு மேல அது தானா கோடு போட்ட மாதிரி போவும். நான் நில்லு, போட்டோ எடு, போலாம்னுதான் சொல்லுவேன். இன்னைக்குத்தான் வழி சொல்லச் சொன்னிய.”

“சரி வுடு. போனது போச்சு.” சுபாஷின் குரல் சட்டென்று மாறியது. “இரு, இரு. நீ கெழக்க போகச் சொல்லிக்கினு இருந்த. அத்தினி தடவ சொன்ன. கெழக்க இன்னாத்த பாத்த?”

“அதத்தான நான் மொதல்லருந்து சொல்லுதேன். ஆளு தெரிஞ்சிச்சு.”

“ஆளா?”

“ரெண்டு மொகம். ஒரு ஆம்பள, ஒரு பொம்பள. படத்தோட ஓரத்துல. சிரிச்சிக்கிட்டு இருந்தாவ.”

“வெள்ளத்துல இன்னாம்மா சிரிப்பு?”

“எனக்கும் அதான் புரியல. பல்லு எல்லாம் தெரிஞ்சிச்சு.”

மஞ்சுளா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். “செல்லக்கனி, நல்லா யோசிச்சுச் சொல்லு. அவ்ளோ உயரத்துல இருந்து பல்லு தெரியுமா?”

“தெரிஞ்சிச்சுக்கா. மொகம் ஒண்ணொண்ணும் கட்டில் அளவு இருந்திச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மஞ்சுளா சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் அவளைப் பார்த்தாள்.

போனின் அந்தப் பக்கத்தில் சுபாஷ் சிரிக்கவில்லை.

“பொம்பள இன்னா கலர்ல பொடவ?” என்றான்.

“செவப்பு. பட்டு மாதிரி.”

“ஆம்பள கோட்டு போட்டுக்கினு கீறானா? நீலக் கோட்டு?”

“ஆமா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அது எங்க அக்கா கல்யாண ப்ளெக்ஸு,” என்றான். “மண்டபத்து வாசல்ல கட்டினது. கல்யாணம் முடிஞ்சப்புறம் அம்மா சுருட்டி எடுத்துக்கினு வந்து, மாட்டுக் கொட்டாய்க்கு மேல போட்டு கட்டிட்டாங்க, மழ எறங்கக் கூடாதுன்னு. மாமா மொகத்த கொட்டாய் மேல போட்டியேன்னு அக்கா ஒரு மாசம் பேசல.”

“அப்ப நான் பாத்தது மாட்டுக் கொட்டாய்தானா?” என்றாள் செல்லக்கனி ஏமாற்றத்தோடு.

“இல்ல, அதான் இல்ல. கொட்டாய் இந்தப் பக்கம், கரைக்குக் கிட்டயே கீது. அது முங்கிப்போச்சு, இங்க நின்னே தெரியுது எனக்கு. ப்ளெக்ஸு கெழக்க இருந்துச்சுன்னா அத்த யாரோ அவுத்து எடுத்துக்கினு போயிருக்காங்க.”

“தண்ணியே இழுத்துக்கிட்டுப் போயிருக்கலாம்ணே.”

“தண்ணியில போயிருந்தா சுருண்டுக்கும். உனக்கு ரெண்டு மொகமும் நேரா தெரிஞ்சுது இல்ல?”

“தெரிஞ்சிச்சு.”

“அப்ப யாரோ விரிச்சுக் கட்டிக்கீறாங்க.”

மஞ்சுளா எழுந்து போய்ச் சன்னல் வழியாகப் பார்த்தாள். மழை தூறலாகியிருந்தது.

“சுபாஷு, ஜீப்புல கிளி கீதா?” என்று கேட்டாள்.

கிளி அவர்களுடைய பழைய ட்ரோன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பழகுவதற்காக வைத்திருந்தது. விழுந்து விழுந்து கால்களில் பச்சை டேப் சுற்றி ஒட்டியதால் அந்தப் பெயர். அதன் பேட்டரி லேசாக உப்பியிருந்தது.

“கீது. ஆனா அது ரொம்ப நேரம் நிக்காதுக்கா.”

“நிக்கிற வரைக்கும் நிக்கட்டும். மழ கொறஞ்சிருக்கும்போதே ஏத்து. அதுக்கு முன்னாடி ஒண்ணு. இனிமே இந்த லைன்ல மேலயும் வேணாம், கீழயும் வேணாம். அந்த ரெண்டு வார்த்தையும் யாரும் சொல்லக் கூடாது.”

“வேற என்ன சொல்லட்டும்?” என்றாள் செல்லக்கனி. “லெப்ட்டு, ரைட்டா?”

“எவன் லெப்ட்டு? உன் லெப்ட்டா, என் லெப்ட்டா, ட்ரோனோட லெப்ட்டா?” என்றான் சுபாஷ். “நான் இங்க நின்னு பாக்கறதயே சொல்றேன், நீ மனசுல வச்சிக்கோ. எனக்குப் பின்னால ரோடு. எதுர்ல அம்மன் கோயிலு, பாதி முங்கிக்கீது. இந்தப் பக்கம் ஏரி. அந்தப் பக்கம் கம்பெனித் தண்ணி டேங்க்கு, நீலக் கலர்ல பெருசா. நீ சொன்ன கெழக்கு அதான்.”

“டேங்க்கு பக்கம், ஏரி பக்கம், கோயில் பக்கம், ரோட்டுப் பக்கம்,” என்று செல்லக்கனி விரலை மடக்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “ஒசரத்துக்கு?”

“ஏத்து, எறக்கு. அவ்ளோதான்.”

“தம்பி,” என்று தாண்டவராயன் இடையில் வந்தார். “நான் படக தயாரா வச்சிக்கிறேன். என் போனையும் இதே லைன்ல சேத்துக்கோங்க. அம்மா இன்னா கலர் பொடவ கட்டிக்கினு போனாங்க? தூரத்துல பாத்தா அடையாளம் தெரியணும்.”

ஜீப்பின் கதவைச் சுபாஷ் சாத்துவது போனில் கேட்டது.

“காலையில டீ குடுத்தாங்க சார். நான் போனப் பாத்துக்கினே வாங்கிக் குடிச்சேன்,” என்றான். “கவனிக்கல.”

கிளி ஏறியது. செல்லக்கனியின் திரையில் முதலில் கரை, பிறகு படகு, பிறகு குடைகளோடு நிற்கிற நாலைந்து பேர், பிறகு எல்லாம் சிறிதாகி ஒரே பழுப்புத் தண்ணீர். பழைய கேமரா. படம் பனி படர்ந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல இருந்தது.

“கோயில் தெரியுது. கோபுரம் மட்டும் தெரியுது. அப்படியே கோயில் பக்கம் போங்க. போங்க. நில்லுங்க.”

“நிக்குது.”

“இப்ப டேங்க்கு பக்கம்.”

“டேங்க்கு பக்கம் போகுது.”

“காத்து ஜாஸ்தி,” என்றாள் மஞ்சுளா எண்களைப் பார்த்து. “மெதுவா போ சுபாஷு. பேட்டரி பரவால்ல.”

“முள்ளுக்காடு வருது. ஒடமரமா அது?”

“நாங்க வேலிகாத்தான்னு சொல்லுவோம். பச்சையா அடர்த்தியா கீதா?”

“ஆமா. அதத் தாண்டி ஒரு வெள்ளக் கட்டடம். சின்னது. கீ…” அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுபாஷின் கட்டைவிரல் ரிமோட்டில் அப்படியே நின்றிருக்க வேண்டும். “இன்னான்னு சொல்லவந்த?”

“கீரப் பாத்தி சொல்லவந்தேன். போங்க, டேங்க்கு பக்கம் இன்னும் கொஞ்சம்.”

மஞ்சுளா சிரித்துவிட்டாள். அந்தப் பக்கத்திலும் யாரோ சிரித்தார்கள். தாண்டவராயனாக இருக்கலாம்.

“அது எங்க மோட்டார் ரூமு,” என்றான் சுபாஷ். “முள்ளுக்கு அந்தாண்ட கீறது. அதோட தளத்துல எதுனா கீதா பாரு.”

“இருக்குண்ணே. ஒங்க அக்காவும் மாமாவும் இருக்காவ.”

மோட்டார் ரூமின் தளத்தில் ப்ளெக்ஸ் விரிக்கப்பட்டிருந்தது. நாலு மூலையிலும் கல். நடுவே கூடாரம்போலத் தூக்கிக் கட்டியிருந்தது. மாப்பிள்ளையின் நெற்றியில் மழைத்தண்ணீர் தேங்கி மின்னியது. சுற்றிலும் தண்ணீர் தளத்தைத் தொட ஒரு முழமே பாக்கி இருந்தது. ஆள் யாரும் தெரியவில்லை.

“ஆளு?” என்றான் சுபாஷ்.

செல்லக்கனி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். “எறக்குங்க. கொஞ்சம் எறக்குங்க.”

“செல்லக்கனி, நெஜமாலுமே எறக்கவா?”

“எறக்குங்க. ஒங்க பாஷையில கீழ.”

படம் பெரிதானது. ப்ளெக்ஸின் ஓரம் காற்றில் படபடத்தது. கிளியின் விசிறிக் காற்றாக இருக்கலாம். ஓரம் இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. காற்று அப்படித் தூக்காது. அடியிலிருந்து ஒரு கம்பு வெளியே வந்தது. மாடு ஓட்டுகிற கம்பு.

“அக்கா,” என்றாள் செல்லக்கனி.

“பாத்துட்டேன்,” என்றாள் மஞ்சுளா.

“இன்னாத்த பாத்தீங்க? ரெண்டு பேரும் பாத்தா நான் எப்டிப் பாக்கறது? வாயத் தொறந்து சொல்லுங்க.”

“ஒங்கம்மா இருக்காவண்ணே. ப்ளெக்ஸுக்கு அடியில. ஒரு கன்னுக்குட்டியும் இருக்கு, காது தெரியுது. அவிய நல்லா இருக்காவ. கம்ப வச்சி கிளிய அடிக்க வாராவ. ஏத்துங்க, ஏத்துங்க, அடி விழப்போவுது.”

சுபாஷ் ஏற்றினான். அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அறையில் இருந்த இருவருக்கும் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

“சார், படக வுடுங்க,” என்றான்.

“வுட்டாச்சு தம்பி.”

முள்ளுக்காட்டுக்குள் நுழைந்ததும் படகுக்குத் திசை தெரியாமல் போயிற்று. நாலு பக்கமும் ஒரே உயரத்துக்கு வேலிகாத்தான் தலைகள். ரப்பர் படகு முள்ளில் பட்டுவிடக் கூடாது. தாண்டவராயன் ஆட்களைத் துடுப்பை நிறுத்தச் சொன்னார்.

“எந்தப் பக்கம்மா?”

“டேங்க்கு பக்கம் சார்.”

“இங்க இருந்து டேங்க்கு தெரியல. ஒண்ணுமே தெரியல.”

“பேட்டரி எறங்குது,” என்றாள் மஞ்சுளா. “சுபாஷு, இப்பத் திருப்பினா கிளி கரைக்கு வந்துடும். இன்னும் கொஞ்சம் போனா வராது.”

அவர்களிடம் மீதியிருந்த ஒரே ட்ரோன் அது. முதலில் விழுந்த பெரிய ட்ரோன் இன்னும் தண்ணீருக்குள் கிடந்தது.

“படகுக்கு நேரா நிறுத்தி, அங்கருந்து மோட்டார் ரூமுக்கு மெதுவா போனா சார் அதப் பாத்துக்கிட்டே வந்துருவாவக்கா,” என்றாள் செல்லக்கனி. “ஆனா அதுவும் போயிடுச்சின்னா நாளைக்கு நம்ம எதப் பாத்துக்கிட்டு இருப்போம்?”

“நாளைக்கு ரெண்டு பேரும் சுவத்தப் பாத்துக்கினு இருப்போம்,” என்றாள் மஞ்சுளா. “படகு கிட்ட கொண்டா சுபாஷு.”

“அக்கா…”

“கொண்டாடா.”

கிளி திரும்பிப் படகுக்கு மேலே வந்து நின்றது. “சத்தம் கேக்குது, ஆ, தெரியுது, பச்சக் காலு,” என்றார் தாண்டவராயன். ஆள் நடக்கும் வேகத்தில் அது முன்னே போக, படகு பின்னே வந்தது. செல்லக்கனி மேலிருந்து முள் இல்லாத இடைவெளி பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். “கோயில் பக்கம் கொஞ்சம். போதும். நேரா. நேரா வாங்க. அங்க கம்பி வேலி இருக்கு, ஏரி பக்கம் ஒதுங்குங்க.” அவள் சொல்வதைச் சுபாஷ் ஒரு தடவை திருப்பிச் சொன்னான், திருப்பிச் சொன்ன பிறகே விரலை அசைத்தான். யாரும் அப்படி முடிவு செய்யவில்லை. அதுவாக வந்துவிட்டது.

முள் முடிந்தது. “கட்டடம் தெரியுது,” என்றார் தாண்டவராயன். “அம்மா தெரியுறாங்க. அம்மா, கம்ப போடும்மா, நாங்கதான்.”

“பேட்டரி அவ்ளோதான்,” என்றாள் மஞ்சுளா. “எங்கயாச்சும் எறக்கிடு.”

“தளத்துலயே எறக்கு, ஓரத்துல இடம் இருக்கு,” என்றாள் செல்லக்கனி. அவளுக்கு அண்ணே என்று சொல்லக்கூட நேரமில்லை. “எறக்கு. எறக்கு. கோயில் பக்கம் ஒரு சாண். எறக்கு. விட்டுரு.”

கிளி தொப்பென்று விழுந்து சாய்ந்தது. திரையில் படமும் சாய்ந்தது. பாதி வானம், பாதி கன்றுக்குட்டியின் கால். அந்தக் கால்களுக்கு அப்பால் தாண்டவராயன் போனைப் பையில் போட்டுவிட்டு யாருடனோ வாதம் செய்துகொண்டிருந்தார். கை கன்றைக் காட்டியது, படகைக் காட்டியது, இல்லை என்று ஆடியது. பிறகு தோற்றவர்போல இரண்டு கையையும் நீட்டிக் கன்றைத் தூக்கிக்கொண்டார்.

“எங்கம்மா ஏறிட்டாங்களா?”

“கன்னுக்குட்டி ஏறிடுச்சு,” என்றாள் மஞ்சுளா. “அத்த ஏத்தாம அம்மா ஏற மாட்டாங்க போலகீது.”

“ஏறவே மாட்டாங்க,” என்றான் சுபாஷ்.

திரையில் ஈரக்கால்கள் இரண்டு நெருங்கி வந்தன. கிளியின் முன்னால் நின்றன. ஒருத்தி குனிந்து, கேமராவுக்குள் எட்டிப் பார்த்தாள். நனைந்த நரைமுடி, மூக்குத்தி, சந்தேகத்தோடு சுருங்கிய கண். ஏதோ கேட்டாள். சத்தம் வரவில்லை, கிளிக்குக் காது இல்லை. பிறகு முந்தானையை விரித்து, கம்பால் அடிக்க ஓங்கிய கிளியையே, அடிபட்ட கோழியை எடுப்பதுபோல இரண்டு கையாலும் எடுத்துச் சுற்றி மடியில் கட்டிக்கொண்டாள். திரை முழுவதும் ஒரே துணியாக நிறைந்தது. அந்த நிறத்தைச் செல்லக்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள். சற்று நேரத்தில் அதுவும் அணைந்தது.

“சுபாஷ்ணே,” என்றாள். “கத்திரிப்பூ கலர், மஞ்ச பார்டரு. இனிமே யாராச்சும் கேட்டா சொல்லுங்க.”